அப்பா மடக்கிய ஆட்டம்

அரக்கோணத்தில் அருணகிரி என்று ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் இருந்தார். அறுபது வயதுக்கு மேல் அவருக்கு ஒரு குரு வாய்த்தாள். அவருடைய மருமகள் செவ்வந்தி.

அவள் சொல்லிக்கொடுத்தது போக்கர். கைபேசியில் ஆடுகிற சீட்டாட்டம். பணம் வைப்பதில்லை, திரையில் தெரியும் சில்லுகள்தான் பந்தயம். ஷார்ஜாவில் ஏ.சி. பழுதுபார்க்கும் மகன் சேந்தனும் அங்கிருந்தே ஆட்டத்துக்கு வந்துவிடுவான். அப்பாவும் பிள்ளையும் போனில் பேசினால் "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்" என்பதோடு பேச்சு தீர்ந்துபோகும். சீட்டு என்றால் பொழுது போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்காகத்தான் செவ்வந்தி இந்த ஆட்டத்தையே ஏற்பாடு செய்தாள்.

அருணகிரி ஒன்றில் மட்டும் தேறவில்லை. ஆளுக்கு இரண்டு கைச்சீட்டு போக, நடுவில் திறக்கும் ஐந்து சீட்டுகளில் கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பெயர். அது விழுந்ததும் சேந்தன் சில சமயம் மொத்தச் சில்லையும் தள்ளுவான். தானும் அதே அளவு தள்ளினால்தான் அவன் கைச்சீட்டைப் பார்க்கலாம். மனமில்லையென்றால் தன் சீட்டை மடக்கிவிட வேண்டும். அவனிடம் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியாது.

அருணகிரிக்கு மடக்கவே வராது. "எடுடா டிக்கெட்டை!" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுவார். சேந்தனிடம் பெரும்பாலும் டிக்கெட் இருக்கும்.

ஒருநாள் செவ்வந்தி கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க மாமா."

"கடைசியில மொத்தத்தையும் தள்ளுறானே, அது நிஜமா பொய்யான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"ரயில்ல டிக்கெட் இல்லாதவனை எப்படிப் பிடிப்பீங்க? மூஞ்சியப் பார்த்தா?"

"மூஞ்சில என்னம்மா தெரியும்? நிஜமா டிக்கெட் வெச்சிருக்கிறவனும் என்னைப் பார்த்தா முழிப்பான். எங்க ஏறினே, எங்க போறேன்னு கேப்பேன். சொல்றது ஒண்ணோட ஒண்ணு ஒட்டுதான்னு பார்ப்பேன்."

"அவரையும் அதையே கேளுங்க."

"ஆட்டத்துல எப்படிக் கேக்கிறது?"

"முதல் சீட்டுலேருந்து சொல்லிக்கிட்டேதானே வர்றார், மாமா. நீங்க கடைசி வார்த்தையை மட்டும் காதுல வாங்குறீங்க."

அன்றிலிருந்து அருணகிரி பொத்தானை உடனே அழுத்துவதில்லை. சேந்தன் எப்போது தயங்கினான், எப்போது துணிந்தான் என்று முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பார். மடக்கவும் பழகினார். "அப்பா, தேறிட்டீங்க" என்று சேந்தன் எழுதி அனுப்பினான். அதை அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் காட்டினார்.

மழை பெய்த ஒரு மதியம் ஆட்டம் நடந்தது. அந்தச் சுற்றில் செவ்வந்தி முன்பே மடக்கிவிட்டாள். அப்பாவும் மகனும் மட்டும் மிச்சம். கடைசிச் சீட்டு விழுந்ததும் மேசையில் மூன்று ஸ்பேடு சேர்ந்துவிட்டது. சேந்தன் மொத்தத்தையும் தள்ளினான். கைச்சீட்டு இரண்டும் ஸ்பேடாகி, ஐந்தும் ஒரே இனமாகச் சேர்ந்துவிட்டவன் செய்கிற காரியம்.

அருணகிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல மூணு சீட்டு திறந்தப்போ ஒரே ஒரு ஸ்பேடு. அப்பவே பெரிசா தள்ளினான். ஸ்பேடுக்குப் போறவன் அங்க ஏறமாட்டானே" என்று முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்தார். "வாத்தியாரம்மா, பொய் சொல்றான். சத்தியமா பொய்."

செவ்வந்தி திரையை எட்டிப் பார்த்தாள். "எனக்கும் அப்படித்தான் தோணுது."

"பிடிச்சுடவா?"

"பிடிக்கலாம்."

"பிடிச்சா?"

"சில்லெல்லாம் உங்களுக்கு. அவரு எழுந்து போயிடுவார்."

திரையின் ஓரத்தில் நேரம் தேய்ந்துகொண்டிருந்தது. அருணகிரி மகனின் பெயரைப் பார்த்தார். அதன் பக்கத்தில் அவன் வைத்திருந்த சின்னப் படத்தைப் பார்த்தார். கல்யாணத்தில் எடுத்தது, இப்போதிருப்பதைவிடப் பூசினாற்போல் இருந்தான். இத்தனை நாளில் கையில் ஒன்றுமில்லாமல் இவன் இப்படித் துணிந்ததில்லை என்று ஏனோ தோன்றியது.

மடக்கிவிட்டார்.

எதிராளி மடக்கிவிட்டால், ஜெயித்தவன் தன் சீட்டைக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சேந்தன் தானாகத் திருப்பிக் காட்டினான். ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டு.

கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் எழுத்து வந்தது. "அப்பா, தெரிஞ்சுதானே விட்டீங்க?"

அருணகிரி ஒற்றை விரலால் தேடித் தேடி, "ஆமாம்" என்று அடித்தார்.

அடுத்த ஆட்டத்துக்கு யாரும் சீட்டைத் தொடவில்லை. பிறகு போன் அடித்தது. அருணகிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா."

"சாப்பிட்டியா?"



"வேலை போயிடுச்சுப்பா. ஆடி மாசமே. கூட இருந்தவன் ரூம்ல ஒண்டிக்கிட்டு வேற இடம் தேடுறேன். உங்ககிட்டயும் அவகிட்டயும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"அதான் இப்ப சொல்லிட்டியே."

"கோபமாப்பா?"

"கிளம்பி வாடா. அரக்கோணத்து வெயிலுக்கு ஏ.சி. ரிப்பேர் பார்க்க ஆள் கிடைக்காம ஊரே புழுங்குது."

சேந்தன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் அது அழுகையாயிற்று. அவன் அழுது முடிக்கட்டும் என்று அருணகிரி காத்திருந்தார். பிறகு போனை மருமகளிடம் நீட்டினார். செவ்வந்தி வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வெகுநேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள். மாமனாருக்குக் காப்பி கலந்து வைத்தாள். அருணகிரி தம்ளரைத் தொடாமல் அவளையே பார்த்தார். வேலை போன செய்தி கேட்டவள் திடுக்கிடாதது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும் மாமா."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. முன்னெல்லாம் ஆட்டத்துக்குக் கூப்பிட்டா ஷிஃப்ட் பார்த்துச் சொல்றேன்பார். இப்போ காலையில கூப்பிட்டாலும் வர்றார், மத்தியானம் கூப்பிட்டாலும் வர்றார். ஆனா ஓவர்டைம் பார்த்துக் களைச்சுட்டேங்கிறார்."

"ஒட்டல."

"ஒட்டல."

"புருஷன்ம்மா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே ஒத்துக்கிட்டிருப்பானே. இத்தனை நாள் மனசுல வெச்சுக்கிட்டு எப்படிம்மா இருந்தே?"

செவ்வந்தி அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"கேட்டிருந்தா நான் பிடிச்சேன்னு ஆகியிருக்கும் மாமா. இப்போ அவர் சொன்னார்னு ஆச்சு."