ஓர் அங்குல மாப்பிள்ளை

ஒரே ஒரு ஊர். ஊருக்கு வெளியே ஒரே ஒரு மேடு. அந்த மேட்டிலே ஆதிகாலத்து மனுசர் புழங்கிய பானையும் பாசிமணியும் தேடி மூன்றே மூன்று பேர் குழி தோண்டிக்கொண்டிருந்தார்களாம். கொம்பையா, பலவேசம், உலகு. மூவருக்கும் சேர்த்து மூளை ஒன்றுதான். அன்றைக்கு அதை யார் கொண்டு வந்திருக்க வேண்டும் என்பதில் குழப்பம்.

கொம்பையாவுக்கு வேலையில் மனசே இல்லை. சாயங்காலம் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை பார்க்க மேட்டுக்கே வருகிறார். இதற்கு முன் வந்த நாலு பேரும் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனவர்கள். இதுவும் நழுவினால் இந்த ஜென்மத்தில் கல்யாணம் கிடையாது.

அகழாய்வு மேடம் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "இந்த மேட்டுல ஒரு அங்குலத்துக்கு இருபத்தஞ்சு வருசம். ஆழம் கூடக் கூட வயசு கூடும். எது எந்த ஆழத்துல இருக்கோ, அளந்து சீட்டு எழுதிக் கட்டிருங்க. மறந்துராதீங்க."

மறப்பார்களா? ஆறடியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. அளந்து, காலில் சீட்டுக் கட்டினார்கள்: 'ஆயிரத்தெண்ணூறு வருசத் தவளை. திடகாத்திரமாக இருக்கிறது.'

நிழலுக்காக ஏழடிப் படியில் வைத்திருந்த தூக்குவாளியை மத்தியானம் உலகு எடுக்கப் போனான். பலவேசம் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏல, இது ரெண்டாயிரத்து நூறு வருசத்துச் சோறு. தின்னா வயித்துக்கு ஆகுமா?"

"காலையிலதானல அம்மா வடிச்சா?"

"அம்மா மேல வடிச்சா. இப்ப சோறு எங்க இருக்கு?"

நியாயம்தான். வாளிக்கும் ஒரு சீட்டைக் கட்டிவிட்டு மூவரும் பட்டினி கிடந்தார்கள்.

அப்போதுதான் பலவேசம் மேலேயிருந்து, எட்டடி ஆழத்தில் நின்ற கொம்பையாவை உற்றுப் பார்த்தான்.

"மாப்ள, உனக்கு ரெண்டாயிரத்து நானூறு ஆயிட்டுல!"

கொம்பையா குழிச் சுவரைப் பிடித்து ஏறப் பார்த்தான். "அய்யய்யோ! கிழவனுக்குப் பொண்ணு குடுப்பாவளா? ஏணியப் போடுங்கல!"

"நில்லு," என்றான் உலகு. "தரைக்கு வந்தா ஆழம் இல்ல. ஆழம் இல்லன்னா வயசு இல்ல. தொட்டில் பிள்ளைக்கு எவன்ல பொண்ணு குடுப்பான்?"

நெடுநேரம் யோசித்து, பக்கத்திலேயே சரியாக ஓர் அங்குலத்துக்கு இன்னொரு குழி வெட்டினார்கள். தரையில் கால் பட்டுவிடாமல் கொம்பையாவைத் தூக்கி வந்து அதில் நிறுத்தினார்கள். அச்சாக இருபத்தைந்து வயசு! முகத்துக்குப் பவுடர் பூசி, கழுத்தில் சீட்டுக் கட்டிவிட்டு, பசி தாங்காமல் இருவரும் வடை வாங்கப் போய்விட்டார்கள்.

பெண்ணின் அப்பா மூக்காண்டி வந்தார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இருபத்தஞ்சு. நல்ல வயசு. மேல வாங்க மாப்பிள, பேசுவோம்."

"வரப்படாது மாமா. வந்தா கைப்பிள்ளை ஆயிருவேன்." கொம்பையா ஆழத்துக் கணக்கை மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

தலையாட்டிக்கொண்டே கேட்ட மூக்காண்டிக்குத் திடீரென்று முகம் வெளுத்தது.

"என்ன மாமா?"

"எங்க வீடு பாறை மேலல்லா இருக்கு! வாசலுக்கே பத்துப் படி ஏறணும்."

கொம்பையா விரல்விட்டு எண்ணினான். "அப்படின்னா பொண்ணு இன்னும் பொறக்கவே இல்லையே மாமா!"

"அதான் மாப்பிள நானும் யோசிக்கேன். அப்ப காலையில என்னைத் திட்டுனது யாரு?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. சம்பந்தம் முடிஞ்ச மாதிரிதான். பிள்ளை பொறந்ததும் ஆள் விட்டுச் சொல்லுதேன். அதுவரைக்கும் குழியவிட்டு மட்டும் ஏறிராதீங்க."

"நிக்கேன் மாமா," என்றான் கொம்பையா, முகமெல்லாம் சிரிப்பாக.

மூக்காண்டி, பெண்ணுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே நடையைக் கட்டினார்.