கைப்பிடி அரிசி யாருக்கு?

சபைக் காரியத்தைச் சபைக்குள் வைத்துத்தான் தீர்க்க வேண்டும் என்பார்கள். தீர்க்க மாட்டேன் என்கிறார்கள். ஆகவே வெளியே கொண்டுவந்து உங்கள் முன் வைக்கிறேன்.

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். சோறு வடிக்கும் வீட்டிலெல்லாம் பெண்கள் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். சுவிசேஷ ஊழியத்துக்கென்று நேர்ந்துகொண்ட அரிசி அது. மாதக் கடைசியில் ஆலயத்தில் சேர்த்து விற்று, வடக்கே ஊழியம் செய்யும் ஒரு குடும்பத்துக்கு அனுப்புவார்கள். மூட்டைகளுக்குப் பொறுப்பு, பெண்கள் ஐக்கியத் தலைவி ஜெபக்கனி.

டிசம்பர் மழையில் ஆறு பெருகி, செங்கல்சூளைக் குடிசைகளைக் கொண்டுபோனது. சூளை ஆட்கள் ஆலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எங்கள் சபையார் அல்லர். கடை ஒன்றும் திறக்கவில்லை. அத்தனை பேருக்குப் போதுமான அரிசி ஊரில் இருந்தது அந்த மூட்டைகளில்தான்.

போதகர் தேவசித்தம், "நேர்ந்த அரிசி, தொடக் கூடாது," என்றார். வடக்கே உள்ள குடும்பத்திலும் பிள்ளைகள் உண்டு. அவரைக் கல்நெஞ்சன் என்று சொல்லிவிடாதீர்கள். சபைச் செயலர் ஞானதிரவியம் நடுவழி கண்டார்: "சுவிசேஷ அரிசிதானே? சுவிசேஷம் சொல்லிட்டுப் போடுவோம்."

அப்படியே மதியம் ஒரு பானை வெந்தது. பிரசங்கமும் ஜெபமும் முடிந்தால்தான் சோறு என்றார் செயலர். மாடசாமி என்ற சூளைக்காரர் காலித் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் ஜெபக்கனி யாரையும் கேட்கவில்லை. மூட்டைகளைப் பிரித்து உலை வைத்தாள். மாடசாமி தட்டை நீட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "இது எந்தச் சாமி சோறு தாயி? முதல்ல எங்க கும்பிடணும்?"

"எங்கயும் கும்பிட வேண்டாம். சாமி பேரு இப்ப எதுக்கு? சாப்பிடுங்க அண்ணாச்சி," என்றாள் அவள்.

அது செயலர் காதில் விழுந்தது. கமிட்டி கூடியது. நேர்ந்த அரிசியை எடுத்தது ஒரு குற்றம். ஒருவன் வாய்விட்டுக் கேட்டும் கர்த்தரின் பெயரைச் சொல்லாமல் மறுதலித்தது பெருங்குற்றம். சபை முன் மன்னிப்புக் கேட்கும்வரை அவளுக்குத் திருவிருந்து, அதாவது ஆராதனையில் போதகர் கையால் பெறும் அப்பமும் ரசமும், கிடையாது என்று முடிவானது. ஒரு திருவிருந்தையும் தவறவிடாதவள் அவள். வீட்டில் உட்கார்ந்து அழுதாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர், இரட்சிப்பு இலவசம் என்று பிரசங்கித்தார். அவருக்கு மிகவும் பிடித்த பிரசங்கம். பிறகு திருவிருந்து. ஜெபக்கனி எழுந்துபோய் எல்லோரோடும் முழங்காலிட்டுக் கையேந்தினாள். அப்பத்தட்டோடு வந்த போதகர் குனிந்து, "முதல்ல மன்னிப்புக் கேளும்மா," என்றார்.

அவள் கையை மடக்கவில்லை. "இதுக்கும் முதல்ல ஒண்ணு செய்யணுமாய்யா?" என்றாள்.

போதகரின் கை தட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது. கதையை இங்கே நிறுத்திக் கேட்கிறேன். போதகர், செயலர், ஜெபக்கனி: இந்த மூவரில் அரிசியைச் சுவிசேஷத்துக்குச் செலவழிக்கத் தெரிந்தவர் யார்?

என் விடை இது. மாடசாமி கடவுள் யார் என்று கேட்கவில்லை, சோற்றுக்கு விலை என்ன என்று கேட்டார். விலை இல்லை என்றாள் ஜெபக்கனி. ஊர் ஊராக மைக் கட்டி நாங்கள் கத்துகிற சேதியே அதுதான். வடக்கே அனுப்ப வேண்டியது பாக்கி நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்கு இரண்டு பிடி போட்டால் தீர்ந்துவிடும். சோற்றுக்கு முன்னால் ஜெபத்தை வாசல் காக்க நிறுத்தியவர்தான் மறுதலித்தவர். இதைச் சொன்னதற்காக என்னையும் விலக்குவதானால் விலக்கட்டும். அப்பத்தை அவள் கையில் வையுங்கள் ஐயா. இன்னும் ஏந்திக்கொண்டுதான் இருக்கிறாள்.