கரடியின் அடுப்பும் மயிலின் முட்டைகளும்

அருவிக்கரைக் காட்டில் செம்பட்டை என்ற கீரி மூன்று மயில் முட்டைகளுக்குக் காவல் இருந்தது. தாய் மயில் நீலவேணி கண்ணியில் சிக்கியதில் அதற்கு நெஞ்செல்லாம் புண். அடைகாக்க முடியாது. அதனால் முட்டைகள் ஒரு பெட்டிக்குள் பல்பு சூட்டில் இருந்தன.

அருவியில் சுற்றும் சக்கரம்தான் காட்டுக்கே கரண்ட் கொடுத்தது. சக்கரத்துக்கும் பல்புக்கும் நடுவில் ஒரு யு.பி.எஸ். இருந்தது. கரண்ட் வரும்போது அதில் பச்சை விளக்கு எரியும். பல்புக்கும் கொடுக்கும், தன் பேட்டரியையும் நிரப்பிக்கொள்ளும். மேலே யானைகள் ஓடையை அடைத்துப் படுத்துக் குளித்தால் சக்கரம் நின்றுவிடும். உடனே மஞ்சள் விளக்கு, 'பீப் பீப்' சத்தம். பல்பு மட்டும் கண் சிமிட்டக்கூடச் செய்யாது. பேட்டரி தாங்கிப் பிடித்துவிடும்.

அன்று காலையில் யானைகள் ஒரு குளியல் போட்டுவிட்டுப் போயிருந்தன. பேட்டரி முக்கால்வாசிக்கு மேல் காலி. அப்போது பார்த்து மொந்தன் என்ற கரடி கரண்ட் அடுப்போடு வந்தது.

"டேய் செம்பட்டை! கிழங்கு வேக வைக்கணும். அந்தப் பக்கப் பிளக்குல குரங்குங்க மிக்ஸி போட்டு வரிசை கட்டி நிக்குது. உன் யு.பி.எஸ். சும்மாதானே கெடக்கு?"

"சும்மா இல்லண்ணே, அது முட்டைக்கு..."

"ஒரே ஒரு கிழங்குடா! உனக்கும் பாதி தர்றேன்!"

செம்பட்டை கெட்டிக்காரக் கீரிதான். ஆனால் முகத்துக்கு நேரே கேட்டால் 'முடியாது' என்று சொல்ல வராது.

மொந்தன் அடுப்பைச் செருகியதும் யு.பி.எஸ். அலறியது. சிவப்பு விளக்கு! தாங்க முடியாத சுமை வந்தால் அது ஒதுங்கிக்கொண்டு, சக்கரத்துக் கரண்டை நேராக விட்டுவிடும். பல்பு எரியும். ஆனால் கரண்ட் நின்றால் தாங்க ஆள் இல்லை. பேட்டரியும் நிரம்பாது. செம்பட்டைக்கு இது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

"பல்பு எரியுதில்ல? அப்புறம் என்ன!" என்றது மொந்தன். ஒரு கிழங்கு பானை நிறைய ஆனது.

வெயில் ஏறியது. யானைகள் மறுபடியும் ஓடையில் இறங்கின. சக்கரம் நின்றது. பல்பு அணைந்தது.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று பக்கத்தில் படுத்திருந்த நீலவேணி கத்தியது.

செம்பட்டை பாய்ந்து அடுப்பைப் பிடுங்கி எறிந்தது. யு.பி.எஸ். பொத்தானை அழுத்தியது. மஞ்சள் விளக்கு வந்தது, பல்பும் எரிந்தது. ஆனால் சத்தம் 'பீப்பீப்பீப்' என்று அவசரப்பட்டது. பேட்டரி தீரப் போகிறது!

"நான் யானைங்ககிட்ட ஓடுறேன்!" என்று செம்பட்டை கிளம்பியது. பாதி வழியில்தான் அதற்கு உறைத்தது. முட்டைகளைக் கரடியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம்! கரடிக்கு முட்டை என்றால் உயிராச்சே! திரும்பினால் கரண்ட் வராது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது.

"அக்கா! எழுந்திருங்க! கீழே குஞ்சு சாகுது!"

தலைவி யானை பதறி எழுந்தது. "இத மொத நாளே சொல்றதுக்கென்னடா? கீழ போய்க் குளிச்சிருப்போமே!"

யானைகள் கரையேறத் தொடங்கியதும் செம்பட்டை திரும்பி ஓடியது.

யு.பி.எஸ். ஊமையாகியிருந்தது. பல்பு அணைந்து கிடந்தது. முட்டைப் பெட்டி காலி!

"மொந்தா! தின்னுட்டியா?"

"கத்தாதடா!"

மூலையில் கரடி சுருண்டு படுத்திருந்தது. அதன் தலைமேல் நீலவேணி, கண்ணைக் குத்தத் தயாராக.

"முட்டை மூணும் என் வயித்து முடிக்குள்ள இருக்கு. பல்பு அணைஞ்சதும் வாரி வெச்சுக்கிட்டேன். இந்தம்மா வேற நம்பாம என்னைக் கொத்திக் கொத்தி... ஷ்ஷ்! உள்ளேருந்து ஒண்ணு தட்டுது!"

டக். டக். ஓடு உடைந்தது. கரடியின் முடிக்குள்ளிருந்து ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது.

அதே நேரம் சக்கரம் சுற்றியது. பச்சை விளக்கு வந்தது, பல்பும் எரிந்தது. செம்பட்டை மற்ற இரண்டு முட்டைகளையும் பத்திரமாகச் சூட்டில் வைத்தது.

மொந்தன் கிழங்குப் பானையை ஓரக்கண்ணால் பார்த்தது. "பாதி வேக்காடுதான். கொஞ்ச நேரம் மட்டும்..."

"முடியாதுண்ணே!" என்றது செம்பட்டை. "போய் வரிசையில நில்லு!"

ஆபத்துக்கென்று சேர்த்து வைத்த பலத்தை அன்றாட ஆசைக்குச் செலவழிக்க யார் கேட்டாலும், முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.