கவைக்கொம்பன் கொடுக்காத குரல்

சத்தியம், பிள்ளைகளே, சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இப்போதே விழட்டும்!

ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் தலைவன் கவைக்கொம்பன், மகா வீம்புக்காரன். "ஆபத்து வந்தால் முதல் குரல் என்னுடையது. அதற்கு முன் எவரும் வாய் திறக்கக் கூடாது" என்று சட்டம் போட்டிருந்தான்.

அந்தக் கோடையில் ஒரு சிறுத்தை மான்குட்டிகளாகப் பார்த்துத் தூக்கியது. செவலி என்ற பெண்மானுக்கு மூத்த குட்டி போய்விட்டது. இளையது அவள் காலடியை விட்டு நகரவில்லை.

"வெளியாள் யாரிடமாவது யோசனை கேட்போமே" என்று கூட்டம் முனகியது. சிறுத்தையே தொட அஞ்சும் முள்ளம்பன்றியை அழைத்து வந்தார்கள்.

"கொறிக்க ஒரு ஜோடிக் கொம்பு. அதுதான் என் கூலி" என்றது அது.

"வழி சொல். உதிர்ந்ததும் என் கொம்பையே தருகிறேன்" என்றான் கவைக்கொம்பன்.

முள்ளம்பன்றி அவன் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "சிறுத்தை வந்தபோது வாடை முதலில் யாருக்குத் தெரிந்தது?" என்று கேட்டது.

மான்கள் தலைவனை ஓரக்கண்ணால் பார்த்தன. முள்ளம்பன்றி ஒரு கிழங்கை மென்றபடி காத்திருந்தது.

கடைசியில் செவலி, "எனக்கு" என்றாள்.

"பிறகு ஏனம்மா கத்தவில்லை?"

"தலைவர் கத்தட்டும் என்று நின்றேன். அவர் மேய்ந்துகொண்டே இருந்தார். என் பிள்ளை போயிற்று."

"எனக்கும் தெரிந்தது" என்றது ஒரு கிழமான். "அவருக்கு மூக்கு செத்து வெகுகாலமாயிற்று. யாருக்குத்தான் தெரியாது?"

"சரி, இனி என்ன செய்யப்போகிறீர்கள்?" என்றது முள்ளம்பன்றி.

"வாடை பிடித்தவர் கத்த வேண்டும்" என்றாள் செவலி.

கவைக்கொம்பன் சீறினான். "ஓய், எங்கள் வாயிலிருந்தே பதிலைப் பிடுங்கி எங்களுக்கே விற்கிறாயா? கொம்பும் கிடையாது, ஒன்றும் கிடையாது. சட்டம் சட்டம்தான்!"

"ஆகட்டும் தம்பி, எனக்கு அவசரமில்லை" என்று முள்ளம்பன்றி அங்கேயே படுத்துக்கொண்டது.

மறுநாள் காற்று திசை மாறியது. செவலியின் மூக்கு விடைத்தது. தலைவனைப் பார்த்தாள். குட்டியைப் பார்த்தாள். கத்திவிட்டாள்.

கூட்டம் முழுவதும் தெறித்து ஓடியது. குட்டியும் ஓடியது.

கவைக்கொம்பன் மட்டும் நின்றான். "யாரடி அவள், எனக்கு முன்னால் கத்தியது?" என்று அதட்டினான்.

புதரிலிருந்து பாய்ந்த சிறுத்தைதான் பதில் சொன்னது.

அது தின்று முடித்துப் போகும்வரை முள்ளம்பன்றி பொறுமையாக இருந்தது. பிறகு எழுந்து போய், தன் கூலியைக் கொறிக்கத் தொடங்கியது.

நீதி: வெளியாள் சரியான கேள்வியைக் கேட்டால் போதும், விடை கூட்டத்துக்குள்ளிருந்தே வரும், அதைக் காதில் வாங்காத தலைவனை எவராலும் காப்பாற்ற முடியாது.

இதைச் சொன்னது யாரென்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். தலைவர்கள் எல்லாக் காட்டிலும் இருக்கிறார்கள்.