பூஜ்யம் காட்டிய பாட்டுப்பெட்டி

முன்னொரு காலத்திலே, எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்கு எதையும் அளந்து பார்க்கிற பைத்தியம் இருந்தது. யானை கொட்டாவி விட்டால்கூட முழம் போட்டுப் பார்ப்பார். அவருக்கு அரண்மனை விகடன் சடையாண்டி கப்பல்துறையிலிருந்து ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி வந்து கொடுத்தான். ஹெட்போனில் நாதஸ்வரம் கேட்ட ராஜாவுக்கு உடனே ஆசை வந்துவிட்டது. ஹெட்போன் சொருகும் ஜாக்கிலிருந்து எத்தனை வோல்ட் வருகிறது?

மாமனார் சீராகக் கொடுத்த, மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டர் வந்தது. சடையாண்டி மேல் நெடுநாள் வயிற்றெரிச்சல் கொண்ட மந்திரி அனந்தகீர்த்தி முந்திக்கொண்டு அதன் முகப்பிலிருந்த திருகைத் திருப்பினார். ஹெட்போன் வயரைச் சீவி, உள்ளிருந்த கம்பிகளில் மீட்டரின் இரண்டு குச்சிகளையும் வைத்தார். முள் அசையவில்லை.

"பூஜ்யம், மகாராஜா. ஒண்ணுமே இல்லாத இடத்துலேர்ந்து பாட்டு வருதுன்னா அது சூனியம். இந்தச் சடையாண்டி உங்க காது வழியா உயிரை உறிஞ்சப் பாக்குறான்."

ராஜா ஹெட்போனைக் கழற்றாமலே உரக்கப் பேசினார். "சடையாண்டி, என் காதுக்குப் பாட்டு கேக்குது. மீட்டர் இல்லைங்குது. எது பொய்? காதுன்னா என்னைப் பொய்யன்னு சொன்னதா ஆகும். மீட்டர்னா மகாராணியோட அப்பாவைச் சொன்னதா ஆகும். ரெண்டும் மெய்னா நீ சூனியக்காரன். தலை போயிடும்."

திரைக்குப் பின்னால் மகாராணியின் வளையல் ஓசை நின்றது.

சடையாண்டிக்கு எந்தப் பக்கமும் வழியில்லை. மீட்டரையே பார்த்தான். திருகு ஒரு நேர்கோட்டுக் குறியில் நின்றது. பக்கத்தில் நெளிகோடு ஒன்று. நிமிர்ந்தபோது அரண்மனை ஊஞ்சல் கண்ணில் பட்டது.

"சொல்றேன் மகாராஜா. மந்திரியார் கொஞ்சம் ஊஞ்சல்ல உக்காரணும்."

மந்திரி உட்கார்ந்தார். சடையாண்டி பயத்தையெல்லாம் கையில் சேர்த்துத் தள்ளினான். தலைப்பாகை பறந்தது.

"நிறுத்துடா, குடல் வெளிய வருது."

ஊஞ்சல் நின்றது.

"மந்திரியார் கிளம்பின இடத்துலேர்ந்து எவ்வளவு தூரம் போயிருக்கார், அளந்து சொல்லுங்க."

ராஜா ஆசையாக அளவுகோலை வைத்துப் பார்த்தார். "அதே இடம். பூஜ்யம்."

"அப்ப அவர் அசையவே இல்லீங்களா?"

மந்திரி பதிலுக்கு எச்சில் துப்பும் படிக்கத்தைத் தேடி ஓடி வாந்தி எடுத்தார்.

"ஜாக்குல வர்ற மின்சாரமும் இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடுது. ஒரே பக்கமா ஓடுற மின்சாரத்தை அளக்குற நேர்கோட்டுக் குறியில மந்திரியார் திருகை வெச்சுட்டார். ஆடுறதை அளக்கப் பக்கத்துல நெளிகோடு இருக்கு. காதும் மெய், மீட்டரும் மெய். வெச்ச இடம்தான் தப்பு."

சொல்லிவிட்டானே தவிர, நெளிகோடு ஏமாற்றினால் தலை தப்பாது. பாட்டு என்றால் முள் குதிக்கும் என்று, நாதஸ்வரத்துக்குத் துணையாக ஊதும் ஒத்துக்காரர் ஒரே சுரத்தை இழுத்து ஊதும் இடமாகப் பார்த்துப் பெட்டியில் வைத்தான். குச்சிகளை மறுபடி கம்பிகளில் வைத்து, திருகை நெளிகோட்டுக்குத் திருப்பினான்.

முள் மெல்ல எழுந்தது. அரை வோல்ட்டில் ஆடாமல் நின்றது.

வளையல்கள் மறுபடி ஒலித்தன. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மந்திரியாரே, இன்னொரு தடவை அளந்து பாக்கணுமா?"

மந்திரி ஊஞ்சலைப் பார்த்தார். "வேண்டாம் மகாராஜா."

ராஜா தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். அதை வாங்க வந்த சடையாண்டியின் கை இன்னும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"இரு," என்று ராஜா மீட்டர் குச்சிகளை எடுத்தார். "இதையும் அளந்துடலாம்."