தவளைத் துரை பார்த்த பழைய படம்

வளசரவாக்கத்தில் 'தவளைத் துரை' என்ற டி.வி. கார்ட்டூன் தொடர் தயாராகும் ஸ்டூடியோவில், படம் வரையும் தோழர் வேதரத்தினத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் வருமாறு. முதலாவது, முதல் வருஷம் அவர் பெயரைப் போடவில்லை. இரண்டாவது, மறு வருஷம் அந்த இடத்தில் முதலாளியின் மச்சான் பெயரைப் போட்டார்கள். மூன்றாவது, போன வருஷம் அவர் பெயரையே போட்டார்கள். அது வருகிற நேரம் பார்த்து சோப்பு விளம்பரம் வந்துவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் வேதரத்தினம் வாசலில் கண்டனக் கூட்டம் போட்டார். சங்கத்தில் அவரைத் தவிர பிச்சையா, தங்கபாய் இருவர்தான். முதலாளி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கூட்டம் நடக்கும். இருந்தால் அவர் மனம் புண்படுமே.

கடைசியில் முதலாளி தணிகாசலம் இறங்கிவந்தார்.

"இந்த வாரம் துரை ஒரு பழைய கறுப்பு வெள்ளை கார்ட்டூன் பாக்குறான்யா. எண்பது வருஷத்துக்கு முந்தி எடுத்தது, அங்கங்க கீறல் விழுந்து, எல்லாம் அப்படியே அந்தக் காலம் மாதிரி இருக்கணும். அதுல உன் பேரப் போட்டுக்க."

வேதரத்தினம் உடனே சங்கத்தைக் கூட்டினார்.

"அந்தப் படத்துல யார் கதாநாயகன்?"

"துரைதான்" என்றார் வேதரத்தினம்.

"எண்பது வருஷத்துக்கு முந்தி துரை ஏது தோழர்? பொறக்கவே இல்லையே!" என்றார் பிச்சையா.

நியாயம். துரையை எடுத்துவிட்டுக் குளத்தை மட்டும் வரைந்தார்கள். தண்ணீர் கறுப்பா வெள்ளையா என்று ஓட்டெடுப்பு நடந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். தலைவர் வேதரத்தினம் நடுநிலை வகித்ததால் பாதிக்குப் பாதி பூசினார்கள்.

அடுத்தது கீறல். பிச்சையா ஆணியை எடுத்து மானிட்டர் கண்ணாடியைச் சுரண்டித் தள்ளினார்.

"இது டி.வி. பாக்குறவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் தங்கபாய்.

"வீட்டுக்கு ஒரு ஆணி குடுத்துரலாம்."

"அது சேனல்காரன் பொறுப்பு. அடுத்தவன் வேலைல நாம கை வைக்கக் கூடாது" என்று தீர்ப்புச் சொன்னார் வேதரத்தினம்.

தணிகாசலம் வந்து அந்த மானிட்டரில் பார்த்தார். கீறலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. "அசல் பழைய படமேதான்!" என்று தோளில் தட்டி அனுப்பிவைத்தார்.

பெயர் மட்டும் பாக்கி. தங்கபாய் தயங்கினாள்.

"தோழர், கோவிச்சுக்காதீங்க. எண்பது வருஷத்துக்கு முந்தி வரைஞ்சவரு இன்னைக்கு உசுரோட இருப்பாரா?"

வேதரத்தினம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"மாட்டேன். எதுல போனேன்?"

"போராட்டத்துலதான்."

"அப்ப சரி. அப்படியே எழுது."

மௌன அஞ்சலிக்கு வசதியாகப் பெயரை இரண்டு நிமிஷம் திரையில் நிற்கவைத்தார்கள்.

ஒளிபரப்பான அன்று, நாளைக்கு யாரும் மறுத்துப் பேசக் கூடாதென்று டீக்கடையில் இருந்த அத்தனை பேரையும் டி.வி. முன்னால் சாட்சிக்கு உட்காரவைத்தார் வேதரத்தினம். குளம் வந்து போனது. பெயர் வந்தது. டீ மாஸ்டர் அடுப்பை அணைத்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். எல்லாரையும்விடத் தலை தாழ்த்தி நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டவர் வேதரத்தினம்தான்.

"சத்தமாப் படி தங்கபாய், எல்லாருக்கும் கேக்கணும்" என்றார் தழுதழுத்து.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்:

"ஓவியம், அமரர் தோழர் வேதரத்தினம்."