தேங்காய்ச் சில்லு

“அம்மா, இந்த நாய்க்கு என் மேல ஏதோ வஞ்சம்.”

தணிகாசலம் கையில் ஈரத் துணியோடு நின்றார். லாரி ஓட்டி ஓய்ந்த பிறகு மடத்தில் சேர்ந்தவர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

குரு வேதவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“என்ன செய்யுது?”

“வெளிய கூட்டிட்டுப் போறேன். தோட்டத்தையே சுத்திச் சுத்தி வர்றோம். ஒரு சொட்டு விடமாட்டேங்குது. உள்ள வந்ததும் அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சு போய் ஒண்ணுக்கு இருந்துடுது.”

கரியன் செங்கல் சூளையில் வளர்ந்த நாய். ஐந்து வயதுவரை சங்கிலியிலேயே கிடந்தது. தின்றதும் படுத்ததும் கழித்ததும் ஒரே இடத்தில். தணிகாசலம்தான் சூளைக்காரரிடம் கெஞ்சி அவிழ்த்து வந்தார்.

சமையல்கட்டிலிருந்து பவுனம்மாளின் குரல் வந்தது.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அன்னைக்கும் என் மூட்டை நனைஞ்சா நாய் சூளைக்கே போயிடணும். எல்லாரும் பேசி முடிச்சாச்சு.”

“வளர்ந்த நாய் பவுனம்மா. நாளாகும்” என்றார் தணிகாசலம்.

“நீங்களும் வளர்ந்தவர்தானே. வந்த புதுசுல வாசக்கால்ல முட்டிக்காம உள்ள வந்ததுண்டா? குடியை விடலையா?”

“விட்டேன்.”

“அதையும் விடச் சொல்லுங்க.”

குரு தலை நிமிர்ந்தார்.

“உள்ள இருந்துட்டா நீங்க என்ன செய்வீங்க?”

“கத்துவேன். மூக்கைப் பிடிச்சு அதுலயே அழுத்துவேன். அப்பத்தானே புரியும்.”

“புரிஞ்சிருக்கு.”

“என்னன்னு?”

“உங்க கண்ணுல படக் கூடாதுன்னு.”

தணிகாசலம் துணியைப் பிழிந்தார். பிழிய அதில் தண்ணீர் இல்லை.

குரு எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சில்லு கொண்டுவந்தார்.

“தூங்கி எழுந்தா வெளிய. தின்னு முடிச்சா வெளிய. உள்ள இருந்துட்டா வாடை போகத் துடைச்சிட்டுப் பேசாம இருங்க. வெளிய இருந்தா, அந்த நிமிஷமே ஒரு சில்லு.”

“பிரசாதத்தையா நாய்க்குக் கொடுக்கிறது?”

குரு கீரைக்குத் திரும்பினார்.

புதன்கிழமை மூட்டை நனைந்தது. கரியன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியது. தணிகாசலம் வாயைத் திறந்தார். மூடினார். துடைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கரியன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

வியாழக்கிழமையும் நனைந்தது. அன்றும் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை விடியலில் அவர் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தைச் சுற்றவில்லை. போ போ என்று சொல்லவும் இல்லை. இதுதான் கடைசி நாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

பின்னால் சருகு நனையும் சத்தம் கேட்டது.

மெதுவாகத் திரும்பினார். முருங்கை மரத்தடியில் கரியன் காலைத் தூக்கியபடி நின்றது. கண் அவர் மேல் இருந்தது. மற்ற மூன்று காலும் நடுங்கின.

அவர் சில்லை நீட்டினார்.

அது வர வெகுநேரம் ஆயிற்று. வந்தது.

அன்று சோறு வைத்த பிறகும் வெளியே போனது. தூங்கி எழுந்தும் போனது. ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனது.

சாயங்காலம் பவுனம்மாள் மூட்டையைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். குனிந்து முகர்ந்தும் பார்த்தார்.

“இருந்துட்டுப் போகட்டும்” என்றார்.

தணிகாசலம் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு சில்லு கிடந்தது.

“எல்லாத்தையும் இவனுக்கே கொடுத்துட்டேன் பவுனம்மா. காலையில பிரசாதத்துக்கு வேற தேங்காய் இருக்கா?”

“எந்தப் பிரசாதம்?”

“தினமும் கிணத்தடியில அம்மா என் கையில வைக்கிறாங்களே. எல்லாருக்கும் கொடுக்கிறது.”

“நான் இங்க சமைக்க வந்த நாள்லேர்ந்து இந்த மடத்துல பிரசாதம்னு யாருக்கும் எதுவும் கொடுத்ததில்ல. வந்த புதுசுல நீங்க குடிக்காம வர்ற காலையில மட்டும் அம்மா என்கிட்ட ஒரு சில்லு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் தினமும் கேட்க ஆரம்பிச்சாங்க.”



கரியன் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

தணிகாசலம் அந்தச் சில்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அதை இரண்டாக ஒடித்தார்.